மல்லாந்து கிடந்த மூடி

வெளிநாட்டுக்கு வந்து, வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் மாடிக் குடியிருப்பொன்றில் நாங்கள் இருந்த வருடங்களில் எங்கள் வீட்டுக் கறியை ஒரு ஆள் தொடங்குவார், இன்னொரு ஆள் முடிப்பார். தொடங்குவது என் கணவர். முடிப்பது நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த அடுப்புக்கு முன்னால் நின்றது சனி, ஞாயிறுகளில் மட்டும்தான். நின்ற நேரமெல்லாம் வாய்த்தர்க்கம்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் வேலை நேரத்தால் வந்தது. எனக்குக் காலை வேலை, தண்ணீர்க் குழாய்களைப் பொருத்திப் பெட்டியில் அடுக்கும் ஒரு தொழிற்சாலையில். ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்கி இரண்டு பஸ் மாறினால் ஏழு மணிக்குள் போய்ச் சேரலாம். அவருக்குப் பின்னேர வேலை, பாண், பணிஸ் சுடும் ஒரு தொழிற்சாலையில். இரண்டு மணிக்குப் போனால் நடுச்சாமம் தாண்டித்தான் வருவார். நான் எழும்பும்போது அவர் நித்திரை, அவர் வரும்போது நான் நித்திரை. மகளுக்கு அப்போது பத்து வயது, மகனுக்கு ஏழு. காலையில் அவர்களைப் பள்ளிக்கு அனுப்புவது அவர். பின்னேரம் நான் வந்து, எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த அன்ரி வீட்டிலிருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே என் கண் அடுப்புக்குத்தான் போகும்.

அங்கே ஒரு சட்டியில் அரைவாசிக் கறி இருக்கும். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, அன்றைக்கு என்ன அகப்பட்டதோ அதைப் போட்டு, தூளும் போட்டு, அரை அவியலில் நிறுத்திவிட்டுப் போயிருப்பார். தேங்காய்ப் பாலை விட்டு, புளியைப் பார்த்து, கொதிக்க வைத்து இறக்குவது என் பங்கு. ஏன் முழுவதையும் அவரே முடிக்கவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு மணிக்கு இறக்கிய கறி, ஐந்து மணிக்குப் பிள்ளைகள் சாப்பிடும்போது நேற்றைய கறி மாதிரி இருக்கும் என்பது என் கட்சி. இறக்குகிற கைப்பக்குவம் எனக்குத்தான் உண்டு என்று தான் ஒருமுறை சொன்னதாக அவர் சொல்வார். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

அவர் தொடங்குகிற விதம் ஒரு மாதிரியானது. தமிழ்க் கடைக்கு நாங்கள் வாரத்தில் ஒருநாள்தான் போவோம். மிச்ச நாட்களுக்கு அவர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற வழியில் உள்ள வெள்ளைக்காரர் கடையில் கண்ணில் பட்டதை எல்லாம் தூக்கிக்கொண்டு வருவார். சுக்கினியைக் கண்டால் அவருக்குப் பீர்க்கங்காய். உறைந்து செங்கல் மாதிரி இருக்கும் கீரைப் பெட்டி பருப்புக்குள் போகும். ஊதா முட்டைக்கோவாவை வறை செய்து ஒருநாள் தேங்காய்ப்பூவெல்லாம் நீலமாகிப் பிள்ளைகள் தொட மாட்டோம் என்று நின்றார்கள். ருபாப் என்று சிவப்பாக ஒரு தண்டு விற்பார்கள், வெள்ளைக்காரர்கள் அதில் இனிப்புப் பண்டம் செய்வார்கள். அவர் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, புளிக்குப் பதில் மீன் குழம்புக்குள் நறுக்கிப் போட்டுவிட்டார். நல்லாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் சட்டிக்குள் பச்சை அப்பிள். கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, தோலோடு துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார். மாங்காய்க் கறி நினைப்பு. ஆனால் அப்பிள் மாங்காய் மாதிரி நின்று பிடிக்குமா, நான் வருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ரின்னில் அடைத்த மீன் ஒன்றை உடைத்து அதற்குள் கொட்டி, கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டு, பாலை விட்டு இறக்கினேன். பிள்ளைகள் இரண்டாம் தரம் சோறு கேட்டார்கள். அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். அடுத்த திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், சட்டிக்குள் மறுபடியும் பச்சை அப்பிள், பக்கத்தில் உடைக்காத ரின் மீன் ஒன்று. அவர் என்னைப் பாராட்டியது அந்த மாதிரித்தான். அன்று சோறு போடும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

இப்படித்தான் நாங்கள் கதைத்துக்கொண்டோம். அவர் ஒன்றை நினைத்துத் தொடங்குவார், நான் வேறொன்றாக முடிப்பேன். ஸ்பகெற்றியை அவித்து வெங்காயத்தோடு வைத்துவிட்டுப் போனால், நான் முட்டையும் கரட்டும் போட்டுக் கொத்தி எடுப்பேன். இரண்டு பேரின் வேலை முறையிலும் வந்த கொத்து என்பதால், அதற்குப் பிள்ளைகள் சிவ்ற் கொத்து என்று பெயர் வைத்தார்கள்.

இதில் ஒரேயொரு சிக்கல் உப்பு. தொடங்கிய புதிதில் ஒருநாள் உருளைக்கிழங்குக் கறிக்கு அவரும் உப்புப் போட்டு, போடவில்லை என்று நினைத்து நானும் போட்டுவிட்டேன். பிள்ளைகள் தண்ணீரால் வயிற்றை நிரப்பிக்கொண்டு படுத்தார்கள். பிறகு அவர் ஒரு துண்டில் ‘உப்பு போட்டாச்சு’ என்று எழுதி வைக்கத் தொடங்கினார். அந்தத் துண்டு ஆவியில் நனைந்து எழுத்து அழிந்துபோகும், அல்லது அடுப்புக்குப் பின்னால் விழுந்துவிடும். ருசி பார்க்கலாமே என்றால், நான் ஆறின கறியை வாயில் வைக்க மாட்டேன். அது என்னுடைய ஒரு கிறுக்கு. கடைசியில் ஒரு சனிக்கிழமை, அதைப் பற்றிய தர்க்கத்துக்கு நடுவில், அவர் சட்டியின் மூடியைத் தூக்கிக் குமிழ் கீழே இருக்கும்படி மல்லாத்தி வைத்தார்.

“இப்பிடிக் கிடந்தால் உப்புப் போட்டாச்சு. நேராக் கிடந்தால் போடேல்லை, உப்பை நீர் போடும். விளங்குதோ?”

“ஓம், விளங்குது. நான் என்ன குழந்தைப்பிள்ளையே,” என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்கள் கறிக்கு உப்புக் கூடவுமில்லை, குறையவுமில்லை. பிள்ளைகளுக்குக்கூட அந்த மூடியின் கதை தெரியும்.

பிறகுதான் விட்பி என்ற தூரத்து ஊரின் பேச்சு வந்தது. அவரோடு வேலை செய்த ஒருவர் அங்கே புதிதாக வீடு வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நால்வரையும் தன் வானில் ஏற்றிக்கொண்டுபோய், அதே வரிசையில் விற்க இருந்த இன்னொரு வீட்டைக் காட்டினார். தெருவெல்லாம் சேறு, நட்டு வைத்த மரங்கள் என் உயரம்கூட இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே படி இருப்பதைக் கண்டு மேலும் கீழுமாக ஓடினார்கள். என் கணவர் சமையலறையில் நின்று ஒவ்வொரு லாச்சியாக இழுத்துப் பார்த்தார். அவருடைய முகத்தை அப்படி மலர்ந்து நான் கண்டு கனகாலம். நான் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இஞ்ச பஸ் எங்க வரும்?” என்று கேட்டேன்.

வான்காரர் சிரித்தார். “அக்கா, இஞ்ச ஆர் பஸ்ஸில போறது?”

எனக்குக் கார் ஓடத் தெரியாது. விட்பியிலிருந்து என் தொழிற்சாலைக்குப் போக ஒரு வழியும் இல்லை. அந்த வேலை பெரிய வேலை என்று சொல்ல மாட்டேன். நாள் முழுவதும் நின்றபடி குழாய்க்குள் ரப்பர் வளையம் போடுகிற வேலை. ஆனால் மத்தியானம் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து மாற்றி மாற்றிச் சாப்பிடுவோம். என் மேசை, என் கதிரை, என் பெயர் எழுதிய வேலையுடுப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று கிடைத்த ஒன்று அது. அதை விட்டுவிட்டு அந்தச் சேற்றுக்கு நடுவில் ஒரு வீட்டுக்குள் பகல் முழுவதும் இருப்பதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது.

“பிள்ளையளுக்கு ஓடி விளையாட ஒரு இடம் வேண்டாமோ?” என்றார் அவர்.

“எனக்கு வேலைக்குப் போக ஒரு பஸ் வேண்டாமோ?”

“நீர் கொஞ்ச நாளைக்கு வீட்டில நிண்டால் என்ன?”

அந்தச் சொல்தான் என்னைக் கிளப்பியது. “கொஞ்ச நாள் எண்டு உள்ளுக்கு விட்டால் பிறகு என்னை ஆர் வெளியில எடுக்கிறது? உங்களுக்கு வீடுதான் வேணுமெண்டால் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கோ. நான் இஞ்சயே இருக்கிறன்.”

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது, வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் ஜக்கெற்றைக் கழற்றி மாட்டினார்.

“வாற சனி இல்லை, அடுத்த சனி வீட்டு ஏஜன்ற் கையெழுத்துக்கு வரச் சொன்னவர்,” என்றார். “ரெண்டு கிழமை கிடக்கு.”

அந்த இரண்டு கிழமையும் நாங்கள் ஒரு சொல் பேசவில்லை. வேலை நேரம் வேறு வேறாக இருந்ததால் பேசாமல் இருப்பது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை; நடுவில் வந்த சனி, ஞாயிறில் அவர் அடுப்படியில் நின்றால் நான் வெளியே போய்விடுவேன்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தேன். மூடி மல்லாந்து கிடந்தது. உப்புப் போட்டாயிற்று, சரி. மூடியைத் தூக்கினால், கறி முடிந்திருந்தது. பால் விட்டு, தேசிக்காய் பிழிந்து, மேலே கறிவேப்பிலைகூடக் கிள்ளிப் போட்டிருந்தார். பக்கத்தில் பருப்பு. குக்கரில் சோறு. கைப்பையைத் தோளில் மாட்டியபடி நான் அப்படியே நின்றேன். எனக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

செவ்வாயும் அப்படித்தான். புதனும் அப்படித்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கோ என்று நான் சொன்னதை அவர் உண்மையாகவே எடுத்துவிட்டார், நான் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட ஏலுமா என்று பழகிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.  கறி மோசமாக இருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். கறி நன்றாக இருந்தது.

பிள்ளைகள் எந்த வித்தியாசமும் இல்லாமல் சாப்பிட்டார்கள். அதுதான் எனக்குச் சுட்டது.

“அம்மா, இண்டைக்கும் நீங்கள் ஒண்டும் செய்யேல்லையா?” என்று மகள் கேட்டாள்.

“அப்பா எல்லாம் செய்திட்டார். சாப்பிடு.”

நாலரை மணிக்குச் சோபாவில் சும்மா இருக்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன். இப்போது அந்தச் சோபாவில் இருந்துகொண்டு எதிர்வீட்டு பல்கனியில் காய்ந்த துணிகளை எண்ணினேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் முதலில் வாய் திறந்தால் தோற்றதாகிவிடுமே. வேண்டாத நேரத்தில் நிற்காத வாய், வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது.

இரண்டாம் வெள்ளிக்கிழமை வந்தது, கையெழுத்துக்கு முதல் நாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பச்சை அப்பிள் கறி. வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி நாள் என்பதால் மீன் இல்லாமல், பால் விட்டு, முழுவதும் முடித்து வைத்திருந்தார். ஆனால் மூடி நேராகக் கிடந்தது. அவசரத்தில் திருப்பி வைக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பன்னிரண்டு நாளாக எல்லாவற்றையும் தானே செய்கிற மனிதர் உப்பை மட்டும் எதற்காக விடப்போகிறார்.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் கறியை விட்டேன். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, “அம்மா, உப்பு இல்லை,” என்றாள். நானும் என் தட்டில் தொட்டுப் பார்த்தேன். துளி உப்பில்லை.

அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. எனக்கு வந்தது சந்தோசம். பெரிய சமையல்காரர், என்னை வேண்டாமென்று வைத்துவிட்டுத் தானே எல்லாம் செய்கிறவர், உப்பை மறந்துவிட்டாரே என்று ஒரு சந்தோசம். பிள்ளைகளின் தட்டில் கொஞ்சம் உப்பைத் தூவிவிட்டேன். சட்டிக்குள் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. வேலையால் வந்து தன்னுடைய கெட்டித்தனத்தைத் தானே ருசி பார்க்கட்டும் என்று, மூடியை அது கிடந்த மாதிரியே நேராக மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை அவர் முகம் வழித்து, இஸ்திரி போட்ட சேட்டோடு வந்தார். மேசையில் ஒரு பைலுக்குள் கடதாசிகள். பிள்ளைகள் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படி மேசையைத் துடைக்கிற சாட்டில் அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அவர் கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டார்.

“அப்பா, நேற்றுக் கறியில உப்பே இல்லை,” என்றாள் மகள்.

“ஓம். தெரியும்.”

“மறந்துபோனீங்களோ?”

“இல்லை. அதை அம்மாவுக்கெண்டு விட்டனான்,” என்றார் அவர், சப்பாத்து நூலைக் கட்டியபடி. “மூடியை நேராத்தானே வைச்சனான். அம்மாவுக்குப் போட விருப்பமில்லை.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன். துடைக்கிற துணியைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒன்றை மட்டும் எனக்கென்று விட்டு வைத்திருந்தார். வாயால் கேட்க முடியாத மனிதர், எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே வழியில் கேட்டிருக்கிறார். நான் அந்தச் சட்டியை ஒரு சிட்டிகை உப்பும் போடாமல் மூடி, எனக்கு வேண்டாம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவர் அதை நடுச்சாமத்தில் தனியே இருந்து சாப்பிட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய இரண்டு சப்பாத்தும் கட்டி முடிந்திருந்தன.

மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். அது வரவில்லை. பிரிட்ஜைத் திறந்தேன். மிஞ்சிய கறியை அவர் வழக்கம்போலப் பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துச் சட்டிக்குள் கொட்டி அடுப்பை மூட்டினேன். உப்புப் போத்தலைத் திறந்து, அவருக்குத் தெரியும்படி கையை உயர்த்தி ஒரு தேக்கரண்டி போட்டேன். போதாது என்று இன்னொன்றும் போட்டேன். கிளறினேன். பிறகு மூடியை எடுத்துக் குமிழ் கீழே இருக்கும்படி மல்லாத்தி வைத்துவிட்டு, திரும்பாமல் நின்றேன்.

எனக்குப் பின்னால் ஒரு சப்பாத்துக் கழன்று தரையில் விழுந்தது. அதன் பிறகு மற்றது.

அவர் ஏஜன்ற்றுக்குப் போன் எடுத்தார். இன்றைக்கு வரவில்லை என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “இல்லை, அடுத்த கிழமையும் இல்லை. பஸ் போற இடமாய் இருந்தால் சொல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டு வைத்தார். அடுப்பண்டை வந்து என் பக்கத்தில் நின்றார்.

“பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு சொன்னது கோவத்தில,” என்றேன்.

“தெரியும். எண்டாலும் ஏலுமோ எண்டு சமைச்சுப் பாத்தனான்.”

“ஏலுமாத்தானே கிடக்கு. கறியெல்லாம் நல்லாத்தான் இருந்தது.”

“சமைக்க ஏலும்,” என்றார். “ஆனா ரெண்டு கிழமையா வேலையால வந்து என்ர கறியைத்தான் திண்டனான். மூடியைத் திறக்க முதலே உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியும். நீர் என்ன செய்து வைச்சிருக்கிறீரோ எண்டு நினைச்சுக்கொண்டு வாற நாளில வழியின்ர தூரமே தெரியிறேல்லை.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்ல விறகடுப்பும் இல்லை.

அன்று மத்தியானம் நால்வரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். முதல் வாயிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பென்றால் அப்படி ஒரு உப்பு. மகன் தண்ணீருக்கு எழும்பி ஓடினான். மகள் கறியை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்தாள். அவர் மட்டும் தலையைக் குனிந்து ஒரே சீராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு உப்போ நான் போட்டனான்?” என்றேன்.

“இல்லை. ராத்திரி நானும் போட்டனான். உப்பில்லாமல் ஆர் தின்னுறது?”

“நான் போடேக்க பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“நீர் போடேக்க நான் எப்பிடி மறிக்கிறது,” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கறி விடச் சொல்லித் தட்டை என் பக்கம் நீட்டினார்.